மூன்று மரங்கொத்திகள் சேர்ந்து உட்கார்ந்தால் கூட்டுக் குடும்பமா?

போன பங்குனியில் பாலக்கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு மாந்தோப்புக்குப் போயிருந்தேன். தோப்புக்காரர் கைபேசியை நீட்டி ஒரு வீடியோ காட்டினார். வறட்சியில் தலை போன மொட்டைத் தென்னை ஒன்றில் மூன்று பொன்முதுகு மரங்கொத்திகள். ஒன்று மேலே ஏறுகிறது, ஒன்று தண்டைச் சுற்றிப் போகிறது, மூன்றாவது கத்து கத்தென்று கத்துகிறது. “பாத்தீங்களாண்ணா, நம்ம ஆளுங்கதான் பாகம் பிரிச்சிட்டு நிக்கறாங்க. இதுங்க இன்னும் கூட்டுக் குடும்பமா இருக்குதுங்க” என்றார்.

அவர் சொன்னதை ஒரேயடியாகத் தள்ளவும் முடியாது. கூட்டுக் குடும்பமாக வாழும் மரங்கொத்திகள் உலகில் உண்டு. அவற்றில் பேர்போன இரண்டு அமெரிக்காவில் இருக்கின்றன. அவற்றைப் பற்றிய வீடியோக்கள் இங்கே நிறையச் சுற்றுகின்றன. அந்தக் கதையைக் கேட்டுவிட்டு, நம் தென்னையில் உட்கார்ந்திருக்கும் வேறொரு பறவைக்கு அதை மாட்டிவிடுகிறோம். கூட்டம், குடும்பம், குழு என்று மூன்றையும் மாற்றி மாற்றிச் சொல்வதில்தான் குழப்பமே தொடங்குகிறது.

தர்மபுரி பேருந்து நிலையத்தில் அரூர் வண்டிக்காக நாற்பது பேர் நிற்கிறார்கள் என்றால் அது கூட்டம். அதற்குள் ஒரு அப்பா, அம்மா, கையைப் பிடித்துக்கொண்டு இரண்டு பிள்ளைகள் இருந்தால் அது குடும்பம். மீசை முளைத்த அண்ணன் தம்பிகள் தனி வீடு போகாமல் ஒரே உலையில் சாப்பிட்டு, ஒருவர் பிள்ளையை இன்னொருவர் வளர்த்தால்தான் அது மூன்றாவது வகை. பறவைகளைக் கவனிப்பவர்கள் ‘சமூகக் குழு’ என்று சொல்வது இந்த மூன்றாவதைத்தான்: வளர்ந்த பறவைகள் பல, ஒரே இடத்தைப் பங்கு போட்டுக்கொண்டு, ஆண்டு முழுக்கச் சேர்ந்தே வாழ்வது.

முதலில், அது மரங்கொத்திதானா?

சிரிக்க வேண்டாம். நம் ஊர்ப்பக்கம் மரங்கொத்தி என்று காட்டப்படும் பறவைகளில் பாதி கொண்டலாத்திதான். தலையில் விசிறி மாதிரிக் கொண்டை, நீண்டு வளைந்த அலகு, இறக்கையில் கறுப்பு வெள்ளைப் பட்டை. அது தரையில் நடந்து மண்ணைக் குத்திப் புழு எடுக்கும். மரத்தைக் கொத்தாது. பொந்தில்தான் குஞ்சு பொரிக்கும், ஆனால் பொந்தைத் தானே குடைந்துகொள்ளாது.

மரங்கொத்தி மரத்தண்டில் செங்குத்தாக ஒட்டி நிற்கும். இரண்டு விரல் முன்னே, இரண்டு விரல் பின்னே. வால் இறகுகள் விறைப்பாக இருப்பதால் வாலைத் தண்டில் ஊன்றி மூன்றாவது கால் போலப் பயன்படுத்தும். தென்னை ஏறுகிறவர் காலில் தளைநார் மாட்டிக்கொண்டு உடம்பைத் தாங்குகிறாரே, கிட்டத்தட்ட அந்த வேலையை இதற்கு வால் செய்கிறது.

கிருஷ்ணகிரி, தர்மபுரித் தோப்புகளில் நம் கண்ணில் அதிகம் படுவது பொன்முதுகு மரங்கொத்தி. மைனாவைவிடக் கொஞ்சம் பெரியது, முதுகு தங்க மஞ்சள், கொண்டை சிவப்பு, சிரிப்பது போல ஒரு கூச்சல். வேலமரக் காடுகளில் உடம்பெல்லாம் கறுப்பு வெள்ளைப் புள்ளியோடு, நெற்றி மஞ்சளாக இன்னொன்று உண்டு. அதை மஞ்சள் நெற்றி மரங்கொத்தி என்பார்கள். சிட்டுக்குருவி அளவில் ஒரு குட்டி மரங்கொத்தியும் இருக்கிறது. அதைப் பார்க்கப் பொறுமை வேண்டும்.

இன்னொரு ஏமாற்று வித்தைக்காரர் குக்குறுவான். வெயில் நேரத்தில் ‘டொங்க், டொங்க்’ என்று பாத்திரம் தட்டுவது போல ஒரு சத்தம் வருமே, அதை மரங்கொத்தி கொத்தும் சத்தம் என்று பலர் நினைக்கிறார்கள். அது குக்குறுவானின் தொண்டையிலிருந்து வருகிற குரல். ஆனால் குக்குறுவானும் பட்ட கிளையில் தானே பொந்து குடையும். ஆகவே பொந்தை மட்டும் பார்த்து இது மரங்கொத்தியுடையது என்று அடித்துச் சொல்ல முடியாது.

பொந்து எல்லாம் கூடு இல்லை

மரங்கொத்தி மரத்தைக் கொத்துவதற்குக் குறைந்தது மூன்று காரணங்கள் உண்டு. ஒன்று சாப்பாடு: பட்டைக்கு அடியில் இருக்கும் எறும்பு, வண்டுப் புழு. இரண்டாவது சேதி சொல்ல: காய்ந்து கணகணவென்று ஒலிக்கும் கிளையாகப் பார்த்துப் படபடவென்று ஒரே மூச்சில் தட்டும். பறவையாளர்கள் இதை முரசொலி என்கிறார்கள். “இது என் இடம்” என்று அறிவிப்பதும் துணையை அழைப்பதும் இதனால் நடக்கிறது. மூன்றாவதுதான் பொந்து குடைவது. குடையும்போது ஒலி மெதுவாக, ஒழுங்கில்லாமல் வரும். மரத்தடியில் புதுச் செதில் உதிர்ந்து கிடக்கும். தச்சுப் பட்டறை வாசலைப் பார்த்தால் உள்ளே வேலை நடக்கிறதா என்று தெரிந்துவிடுமே, அதே மாதிரி.

குடைந்த பொந்திலும் இரண்டு வகை. முட்டையிடுவது கூட்டுப் பொந்து. ராத்திரி தூங்க மட்டும் பயன்படுத்துவது உறங்கு பொந்து. மரங்கொத்திகள் ஆண்டு முழுக்கப் பொந்தில் தூங்கும் பழக்கம் உள்ளவை. அதுவும் பெரும்பாலும் ஆளுக்கொரு பொந்து. ஒரே தென்னையில் நான்கு ஓட்டை இருந்தால் நான்கு குடும்பம் என்று அர்த்தமாகாது. ஒன்று இந்த ஆண்டுக் கூடு, ஒன்று போன ஆண்டுக் கூடு, ஒன்று பாதியில் விட்டது, ஒன்றில் மைனா குடியிருக்கும். கைவிட்ட பொந்துகளுக்கு மைனா, பச்சைக்கிளி, புள்ளி ஆந்தை என்று வாடகைக்காரர்கள் வரிசையில் நிற்பார்கள். இவற்றால் மரத்தைக் குடைய முடியாது. யாரோ குடைந்து வைத்ததையோ, தானாக உளுத்த பொந்தையோதான் நம்பியிருக்கின்றன.

கூட்டுக்குள் புல், பஞ்சு எதுவும் கிடையாது. குடைந்த மரத்தூள்தான் மெத்தை. முட்டை வெள்ளை வெளேரென்று இருக்கும். பொன்முதுகு மரங்கொத்தி வழக்கமாக இரண்டு மூன்று முட்டை இடும். குஞ்சு பொரித்து வரும்போது உடம்பில் ஒரு இறகுகூட இருக்காது, கண்ணும் திறந்திருக்காது. பகலில் ஆணும் பெண்ணும் முறைபோட்டு அடைகாக்கின்றன. ராத்திரியில்? மரங்கொத்தி இனத்தில் பொதுவாக ராத்திரிப் பணி ஆணுடையது. கூட்டுப் பொந்தில் ஆண் படுக்க, பெண் வேறொரு பொந்துக்குப் போய்விடும். இந்த ஒரு விவரத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: கொத்துகிற சத்தம் எல்லாம் கூடு கட்டும் சத்தம் ஆகாது. ஓட்டை எல்லாம் கூடு ஆகாது. பொந்துகளின் எண்ணிக்கையை வைத்துக் குடும்பத்தின் அளவைச் சொல்லவும் முடியாது.

அப்படியானால் மூன்று பறவை எப்படி வந்தன?

நம் பொன்முதுகு மரங்கொத்தி இணையாக வாழும் பறவை. ஓர் ஆண், ஒரு பெண், அவற்றுக்கென்று ஒரு எல்லை. ‘எல்லை’ என்றால் வேறு ஆளை உள்ளே விடாமல் காக்கும் நிலப்பரப்பு, நம் வரப்புக்குச் சமம். இப்படிப்பட்ட பறவை மூன்றாக, நான்காகத் தென்படச் சில சந்தர்ப்பங்கள் இருக்கின்றன.

ஒன்று, குஞ்சுகள் பொந்தைவிட்டுப் பறந்த பிறகு சில வாரம் பெற்றோர் பின்னாலேயே சுற்றும். அளவில் அப்பா அம்மா மாதிரியே இருக்கும், நிறம் மட்டும் கொஞ்சம் மங்கலாக இருக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் வளர்ந்த பறவைகள் நான்கு என்றே தோன்றும். சித்திரை, வைகாசியில் வரும் ‘கூட்டுக் குடும்ப’ வீடியோக்களில் இதற்கு நிறையப் பங்கு இருக்கும் என்பது என் ஊகம். இது வெறும் குடும்பம். பிள்ளைகள் இரை தேடக் கற்றதும் கலைந்துவிடும்.

இன்னொன்று வரப்புச் சண்டை. பக்கத்து எல்லைக்காரரோ, இடம் தேடி வந்த தனி ஆளோ உள்ளே நுழைந்தால், இரண்டு பறவைகள் எதிரெதிரே ஒட்டி நின்று, கொண்டையைத் தூக்கி, தலையை இப்படியும் அப்படியும் ஆட்டும். தண்டைச் சுற்றிச் சுற்றித் துரத்தும். நமக்குப் பார்க்க விளையாட்டு மாதிரி இருக்கும். தூரத்தில் இருந்து பார்த்தால் பங்காளிச் சண்டையும் பாச மழையும் ஒன்றாகத்தான் தெரிகின்றன.

இதோடு கலப்பு வேட்டைக் கூட்டம் என்று ஒன்றும் உண்டு. அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைப் பக்கத்துக் காடுகளில் தவிட்டுக்குருவி, கரிச்சான், சிட்டு, மரங்கொத்தி எல்லாம் ஒரே திசையில் இரை தேடிக்கொண்டு நகர்வதைப் பார்க்கலாம். ஒன்று கிளப்பிவிட்ட பூச்சி இன்னொன்றுக்குக் கிடைக்கும். வல்லூறு வந்தால் யாராவது ஒருவர் கத்திவிடுவார். இது நம் பேருந்து நிலையக் கூட்டம். உறவு எதுவும் கிடையாது.

உண்மையான கூட்டுக் குடும்பம்

இதைப் பார்க்க அமெரிக்கா போக வேண்டியதில்லை. உங்கள் வீட்டுக் கொல்லையில் ஏழெட்டாகச் சேர்ந்து, சருகைக் கிளறிக்கொண்டு, ஓயாமல் கலகலக்கும் தவிட்டுக்குருவிகளைக் கவனியுங்கள். அந்தக் கூட்டத்தில் எல்லாமே முட்டையிடுவதில்லை. ஆனால் கூட்டில் குஞ்சு இருந்தால் முட்டையிடாத பறவைகளும் புழுவைக் கொண்டுவந்து ஊட்டும். தன் குஞ்சல்லாத குஞ்சை வளர்க்கும் இப்படிப்பட்ட பறவையை ‘உதவிப் பறவை’ என்கிறார்கள். உதவிப் பறவைகளின் துணையோடு நடக்கும் பிள்ளை வளர்ப்புக்குக் ‘கூட்டு வளர்ப்பு’ என்று பெயர். இந்த இரண்டு சொல்லும் போதும், மீதியைப் புரிந்துகொள்ளலாம்.

மரங்கொத்திகளில் இதற்குப் பேர்போனது அமெரிக்காவின் மேற்குக் கரையோரம் வாழும் ஓக்கொட்டை மரங்கொத்தி. கலிபோர்னியாவில் ஹேஸ்டிங்ஸ் என்னும் ஆய்வுக் காட்டில் இதை அரை நூற்றாண்டாக விடாமல் கவனித்து வருகிறார்கள். ஒரு குழுவில் இரண்டிலிருந்து ஒரு டஜன் வரை பறவைகள் இருக்கும். இனப்பெருக்கம் செய்யும் ஆண்கள் பலர், அவர்கள் பெரும்பாலும் அண்ணன் தம்பிகள். பெண்கள் ஒன்றுக்கு மேல் இருந்தால் அக்கா தங்கைகளோ தாயும் மகளுமோ. அந்தப் பெண்கள் எல்லோரும் ஒரே பொந்தில் முட்டையிடுகிறார்கள். முந்தைய ஆண்டுகளில் பிறந்த பிள்ளைகள் உதவிப் பறவைகளாகக் கூடவே இருக்கிறார்கள்.

கேட்கும்போது விக்ரமன் படம் மாதிரி இருக்கிறதா? கொஞ்சம் பொறுங்கள். ஒரே பொந்தில் முட்டையிடும் அக்கா தங்கைகளில் ஒருத்தி முதலில் இட்டுவிட்டால், இன்னும் இடாதவள் அந்த முட்டையை வெளியே எடுத்துப் போட்டுவிடுவாள். உடைந்ததைச் சேர்ந்து தின்றுவிடுவதும் உண்டு. எல்லோரும் இடத் தொடங்கிய பிறகுதான் அமைதி. ஒரு குழுவில் முட்டையிடும் இடம் காலியானால், வெளியிலிருந்து அக்கா தங்கை அணிகள் வந்து நாள்கணக்கில் சண்டை போடும். 2020-இல் சகாஸ் பார்வே என்ற இந்திய ஆய்வாளரும் அவர் குழுவினரும், பறவைகள் மேல் சின்ன ரேடியோ கருவி பொருத்தி இதைக் கண்காணித்து எழுதினார்கள். அந்தச் சண்டையை வேடிக்கை பார்ப்பதற்கென்றே பக்கத்து எல்லைகளிலிருந்து பறவைகள் தினமும் வந்து போயினவாம். பஞ்சாயத்து நடக்கும் இடத்தில் கூடுகிற சனம் மாதிரி.

இரண்டாவது உதாரணம் அமெரிக்காவின் தென்கிழக்குப் பைன் காடுகளில் வாழும் மரங்கொத்தி. அங்கே கன்னத்தில் சின்னச் சிவப்புக் கோடு இருப்பதை வைத்து அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். இதில் முட்டையிடுவது ஒரே ஒரு இணை. உதவிப் பறவைகள் பெரும்பாலும் அந்த இணையின் மகன்கள். மகள்கள் முதல் ஆண்டிலேயே வேறிடம் போய்விடுவார்கள்.

ஏன் வீட்டைவிட்டுப் போவதில்லை? போர்வெல் கணக்கு

வளர்ந்த மகன் தனியே போய்க் குடும்பம் நடத்தாமல் ஏன் தம்பி தங்கைக்குப் புழு ஊட்டிக்கொண்டிருக்கிறான்? பாசம் என்று சொல்லி முடித்துவிடலாம். ஆனால் அதே பாசம் பாலக்கோட்டு மரங்கொத்திக்கு ஏன் இல்லை என்ற கேள்வி அப்படியே நிற்கும்.

நம் மாவட்டத்து உதாரணத்தையே எடுத்துக்கொள்வோம். ஒரு வீட்டில் மூன்று மகன்கள், நான்கு ஏக்கர், தண்ணீர் வரும் போர்வெல் ஒன்றே ஒன்று. தனியே போனால் புதிதாக ஆயிரம் அடி போர் போட வேண்டும். லட்சக்கணக்கில் செலவு, தண்ணீர் வருமா என்பதும் தெரியாது. இந்த நிலையில் பாகம் பிரிப்பது தள்ளிப்போகும். அப்பாவுக்குப் பிறகு அந்தப் போர்வெல் தன் கைக்கு வரும் என்ற எண்ணமும் உள்ளே இருக்கும். ஆற்றுப் பாசனம் இருந்து, எங்கே தோண்டினாலும் பதினைந்து அடியில் தண்ணீர் என்றால், அதே மகன்கள் எப்போதோ தனித்தனியாகப் போயிருப்பார்கள்.

பைன் காட்டு மரங்கொத்திக்குப் பொந்துதான் போர்வெல். அது உயிருள்ள, வயதான பைன் மரத்தில் குடைகிறது. உயிருள்ள மரம் கெட்டி, பிசினும் வழியும். ஒரு பொந்தை முடிக்க ஓராண்டிலிருந்து பல ஆண்டுகள்கூட ஆகும். ஓக்கொட்டை மரங்கொத்திக்குப் போர்வெல் அதன் களஞ்சிய மரம். ஒரு மரத்தின் தண்டு முழுக்க ஆயிரக்கணக்கில் சிறு துளை போட்டு, துளைக்கு ஒன்றாக ஓக் கொட்டைகளைச் செருகிவைக்கும். நம் வீட்டில் குதிரில் கேழ்வரகு கொட்டி வைப்பது மாதிரிக் குளிர்காலத்துக்கான சேமிப்பு. அந்தத் துளைகள் ஒரே ஆண்டில் போட்டவை கிடையாது. தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்தவை. அதை விட்டுவிட்டுப் போகிற பிள்ளை வெறுங்கையோடு போகிறான்.

இது வெறும் ஊகம் இல்லையா என்று கேட்கலாம். சோதித்தே பார்த்திருக்கிறார்கள். வட கரோலினாவில், பைன் காட்டு மரங்கொத்திகள் இல்லாமல் காலியாகக் கிடந்த இடங்களில் ஆய்வாளர்களே மரத்தில் துளையிட்டுப் பொந்து செய்து வைத்தார்கள். அப்படிச் செய்த பெரும்பாலான இடங்களில் புதுக் குழுக்கள் வந்து குடியேறின. பொந்து செய்யாமல் விட்ட இடங்கள் காலியாகவே கிடந்தன. காடு இருந்தது, இரை இருந்தது. வீடுதான் இல்லாமல் இருந்தது. 1970-இல் அழியும் நிலையில் உள்ளதாக அறிவிக்கப்பட்ட அந்தப் பறவையின் நிலையை 2024-இல் ஒரு படி மேலே ஏற்றினார்கள் என்றால், அதற்கு இந்தச் செயற்கைப் பொந்துகளும் ஒரு காரணம்.

காத்திருப்பது சரி, காத்திருக்கும்போது ஏன் ஊட்ட வேண்டும்? இதற்கு வில்லியம் ஹாமில்டன் என்ற உயிரியலாளர் 1964-இல் சொன்ன விளக்கம் உதவுகிறது. உடன்பிறந்த தம்பியிடம் சராசரியாக என் மரபணுக்களில் பாதி இருக்கிறது. என் பிள்ளையிடமும் அதே பாதிதான். சொந்தப் பிள்ளை பெற வழியில்லாத நேரத்தில் ஒரு தம்பியைப் பிழைக்க வைத்தாலும் என் வழி தொடர்கிறது. பறவை உட்கார்ந்து கணக்குப் போடுவதில்லை. இப்படி நடந்துகொண்ட பறவைகளின் வாரிசுகள் அதிகம் மிஞ்சின, அவ்வளவுதான். மனிதக் குடும்பத்து ஒப்பீட்டை இங்கேயே இறக்கி வைத்துவிடுவது நல்லது. இதற்கு மேல் இழுத்தால் அறுந்துவிடும்.

நம் பொன்முதுகு மரங்கொத்தி பக்கம் திரும்புவோம். அது தேடுவது பட்ட கிளை, உளுத்த முருங்கை, மொட்டைத் தென்னை. மெத்தென்ற அந்த மரத்தில் சில வாரங்களில் பொந்து முடிந்துவிடும். களஞ்சியம் எதுவும் கிடையாது. எறும்பு ஆண்டு முழுக்கக் கிடைக்கும். பதினைந்து அடியில் தண்ணீர் கிடைக்கிற பூமி அதனுடையது. பிள்ளைகளைக் கட்டிப்போட அங்கே ஒன்றும் இல்லை. எல்லா மரங்கொத்திக்கும் பொந்து ஒன்றே காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் தொடங்குவதற்கு நல்ல இடம் இது.

சுருக்கமாக: விலை அதிகமான சொத்து, வெளியே இடமில்லாமை, ரத்த உறவு. மூன்றும் ஒன்றாகச் சேர்கிற இடத்தில் கூட்டு வளர்ப்பு தோன்ற வாய்ப்பு அதிகம்.

பார்த்து எழுதினால்தான் தெரியும்

குழுவா இல்லையா என்பதை எண்ணிக்கை சொல்லாது. யார் யாருக்கு ஊட்டுகிறார்கள், யார் எங்கே தூங்குகிறார்கள் என்ற இரண்டு கேள்விக்கும் பதில் வேண்டும். அதற்கு ஒவ்வொரு பறவையையும் தனித்தனியாக அடையாளம் தெரிய வேண்டும். ஆய்வாளர்கள் காலில் வண்ண வளையம் மாட்டுவது இதற்காகத்தான். நம் நாட்டில் வனத்துறை அனுமதி இல்லாமல் காட்டுப் பறவையைப் பிடிக்கக் கூடாது. நமக்கு அது தேவையும் இல்லை. பொன்முதுகு மரங்கொத்தியில் ஆணுக்கு உச்சந்தலை முழுக்கச் சிவப்பு. பெண்ணுக்கு முன்தலை கறுப்பு, அதில் வெள்ளைப் புள்ளி, கொண்டையின் பின்பாதி மட்டும் சிவப்பு. இது தெரிந்தாலே பாதி வேலை முடிந்தது.

முப்பது நாற்பது மீட்டர் தள்ளி உட்காருங்கள். ஒரு நோட்டு, ஒரு பேனா, முடிந்தால் பைனாகுலர். மணி என்ன, வந்தது ஆணா பெண்ணா, உள்ளே போனதா, வாசலிலேயே ஊட்டியதா, வெளியே வரும்போது அலகில் எச்ச உருண்டை இருந்ததா. இவ்வளவு எழுதினால் போதும். மரத்தைத் தட்டிப் பார்ப்பது, கைபேசியில் அதன் குரலைப் போட்டு வரவழைப்பது எல்லாம் வேண்டாம். வேறு ஆள் புகுந்துவிட்டது என்று பதறி அடையை விட்டுவிட்டு வந்துவிடும். காவிரி வடக்கு, காவிரி தெற்குச் சரணாலயப் பகுதிகளில் சாயங்கால நேரத்தில் உட்கார நினைக்காதீர்கள். அனுமதி ஒரு பக்கம், யானை ஒரு பக்கம். தோப்பும் ஏரிக்கரையும் போதும்.

அந்த வீடியோவைத் தோப்புக்காரரும் நானும் நிறுத்தி நிறுத்திப் பார்த்தோம். இரண்டின் தலை முழுச் சிவப்பு, ஒன்றுக்கு முன்தலையில் புள்ளி. சிவப்புத் தலைகள் இரண்டும் எதிரெதிரே ஆடிக்கொண்டிருந்தன. மறுநாள் சாயங்காலம் கிணற்று மேட்டில் போய் உட்கார்ந்தோம். ஆறரை மணிக்குக் கொஞ்சம் முன்னால் ஆண் வந்து, வாசலில் இரண்டு முறை எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனது. பெண் அதற்கு முன்பே வரப்போரத்துப் பட்ட வேம்புக்குப் போய்விட்டது. இருட்டும் வரை இருந்தோம். மூன்றாவது வரவில்லை.

“அப்ப அது யாருண்ணா?” என்றார்.

“பக்கத்துக் காட்டுக்காரரா இருக்கும்” என்றேன். அவர் சிரித்துவிட்டார். அவருக்கும் அந்தப் பக்கத்துக் காட்டுக்காரருக்கும் வரப்புத் தகராறு மூன்று வருடமாக நடக்கிறது.